பட்டன் நடுவில் நிற்கவில்லையா? ஜாவா ஸ்விங் விண்டோவுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் சிறிய கணினிக் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் ஒரே குறையோடு வருகிறார்கள். இறுதியாண்டு புராஜெக்டைக் காட்ட வேண்டிய மாணவர்கள் ஒரு வகை. எம்.சி. ரோடு துணிக்கடைகளிலும் காசிமேட்டு ஐஸ் வியாபாரிகளிடமும் என்றோ எவரோ ஜாவாவில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில் போடும் நிரலை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்றொரு வகை. "சார், பட்டன் நடுவுல வரமாட்டேங்குது" என்று மாணவர் சொல்வார். "தம்பி, இந்தப் பட்டன் ஏன் இப்படி ஓரமா ஒதுங்கி நிக்குது?" என்று கல்லாவில் இருக்கும் அக்கா கேட்பார். இருவருக்கும் நான் செய்து கொடுத்தவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காரணங்கள் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கும். இங்கே செலவு என்பது பெரும்பாலும் நேரம்: ஒரு வரியை மாற்றுவது ஐந்து நிமிடம், இடையில் ஒரு பேனலை (பட்டன் முதலிய உறுப்புகளை வைக்கும் பெட்டியை) செருகுவது கால் மணி, திரையையே திரும்ப எழுதுவது ஒரு நாள். லேஅவுட்களின் (உறுப்புகளை அடுக்கும் முறைகளின்) பெயர்களையும் மெத்தட்களின் (நிரலில் அழைக்கும் கட்டளைகளின்) பெயர்களையும் ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் தட்டும்போது வழக்கமான எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாமே எளிதாகும். நடுவில் நிறுத்துவது என்பது பட்டனுக்குச் செய்யும் வேலையன்று. பட்டன் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தை அதன் தாய்ப் பேனல் எப்படிப் பங்கிடுகிறது என்பதுதான் கேள்வி. ஷேர் ஆட்டோவில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஓட்டுநர் முடிவு செய்வதைப் போல, ஜாவாவில் விண்டோ, பட்டன் முதலியவற்றை வரையும் தொகுப்பான ஸ்விங்கில் அந்த முடிவைத் தாய்ப் பேனலின் லேஅவுட் மேனேஜர் எடுக்கிறது. பட்டனிடம் எத்தனை முறை கெஞ்சினாலும் பயனில்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குங்கள். பட்டனும் சேர்ந்து பெருத்தால் அறிகுறி ஒன்றுக்குச் செல்லுங்கள். அளவு மாறாமல் இடம் வலமாக மட்டும் நடுவுக்கு நகர்ந்து, மேல் விளிம்பை விடாமல் இருந்தால் அறிகுறி இரண்டு. இருந்த இடத்திலேயே ஆணி அடித்ததுபோல் நின்றால் பெரும்பாலும் அறிகுறி ஆறு. இழுத்த பிறகுதான் பட்டனே தோன்றுகிறது என்றால் அறிகுறி ஐந்து. பாதி வேலை இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துவிடும். ஆனாலும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாமல் நேராக நிரலைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு பேனலுக்கும் வெவ்வேறு நிறத்தில் கோட்டு எல்லை போடுங்கள். பார்டர்ஃபேக்டரியில் கிரியேட்லைன்பார்டர் என்ற மெத்தட் இதற்கென்றே இருக்கிறது. பட்டன் எந்தப் பேனலுக்குள் இருக்கிறது, அந்தப் பேனல் உண்மையில் எவ்வளவு பெரியது என்பது கண்ணுக்குத் தெரியும். பட்டன் தன் பேனலின் நடுவில் சரியாகத்தான் நிற்கிறது, பேனல்தான் ஒரு மூலையில் சுருங்கிக் கிடக்கிறது என்பது பல முறை இப்படித்தான் தெரிய வந்திருக்கிறது.

மூன்றாவது சோதனை பலருக்குத் தெரியாதது. நிரலைக் கமாண்ட் பிராம்ப்டிலிருந்து ஓட்டி, அதன் விண்டோவைத் தேர்ந்த நிலையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்1 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோவுக்குள் இருக்கும் அத்தனை உறுப்புகளின் பட்டியலும், தாய் பிள்ளை வரிசைப்படி, ஒவ்வொன்றின் இடம், அகலம், உயரம், அலைன்மென்ட் மதிப்பு, லேஅவுட் பெயர் ஆகியவற்றோடு கமாண்ட் பிராம்ப்டில் விழும். சில மடிக்கணினிகளில் எஃப்1 வேலை செய்ய எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் பட்டனின் இடது தூரத்தோடு அதன் அகலத்தில் பாதியைக் கூட்டுங்கள். விடை, தாய்ப் பேனலின் அகலத்தில் பாதிக்குச் சமமாக இருந்தால் பட்டன் நடுவில்தான் இருக்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

அறிகுறி ஒன்று: ஒரே பட்டன் விண்டோ முழுவதையும் அடைத்துக்கொள்கிறது

முதல் காரணம், பட்டனை நேராக ஜேஃபிரேமில் (ஸ்விங்கின் விண்டோவில்) சேர்த்திருப்பது. ஜேஃபிரேமின் உள்பேனலுக்கு இயல்பான லேஅவுட் பார்டர்லேஅவுட். எந்தத் திசையும் சொல்லாமல் சேர்த்தால் பட்டன் சென்டர் பகுதிக்குப் போகும்; சென்டர் பகுதியில் இருப்பது மிஞ்சிய இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சென்டர் என்ற பெயரைப் பார்த்து 'நடுவில் நிறுத்தும்' என்று நம்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் ஏமாற்றம். அது நடுப்பகுதி என்ற இடத்தின் பெயர். நடுவில் நிறுத்துவேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

செட்பிரிஃபர்ட்சைஸ், செட்மேக்சிமம்சைஸ் ஆகியவற்றைப் பட்டனுக்குக் கொடுத்துப் பார்ப்பது வீண் வேலை. சென்டர் பகுதிக்குப் பார்டர்லேஅவுட் இரண்டையும் கண்டுகொள்ளாது. செய்ய வேண்டியது, இடையில் ஒரு ஜேபேனலை வைத்து, அதற்குக் கிரிட்பேக்லேஅவுட் கொடுத்து, பட்டனை எந்த நிபந்தனையும் இல்லாமல் அதில் சேர்த்து, அந்தப் பேனலை ஃபிரேமின் சென்டரில் வைப்பது. கிரிட்பேக்லேஅவுட்டில் எடை மதிப்புகள் (மிஞ்சும் இடத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் வெயிட்எக்ஸ், வெயிட்ஒய்) எல்லாம் பூச்சியமாக இருந்தால், உள்ளே இருப்பவை தங்கள் இயல்பான அளவோடு பேனலின் நட்டநடுவில் கூடி நிற்கும். பலர் இந்தக் குணத்தைக் குறையாகச் சொல்வார்கள். நமக்கு வேண்டியதே அதுதான். என் கடையில் தீர்ந்த குறைகளில் பெரும்பங்கு இந்த மூன்று வரிகளில் தீர்ந்தது.

இரண்டாவது காரணம் கிரிட்லேஅவுட். அது தன் கட்டங்களைச் சம அளவில் பிரித்து, உள்ளே வருவதைக் கட்டம் நிறைய இழுத்துவிடும். மூன்றாவது காரணம், கிரிட்பேக்லேஅவுட்டையே பயன்படுத்தி, எடை மதிப்பும் கொடுத்து, ஃபில் என்ற நிபந்தனைக்கு போத் (இரு திசையிலும் நிரப்பு) என்று கொடுத்திருப்பது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரலில் இது ஒளிந்திருக்கும். நன் (எந்தத் திசையிலும் நிரப்பாதே) என்று மாற்றினால் போதும்.

அறிகுறி இரண்டு: இடம் வலம் நடுதான், ஆனால் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது

இது ஜேபேனலின் இயல்பான லேஅவுட்டான ஃப்ளோலேஅவுட்டின் வேலை. உரைநடையின் வரியைப் போல மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியையும் இடம் வலமாக மட்டும் நடுப்படுத்தும். மேல் கீழாக நடுப்படுத்த அதற்குத் தெரியாது. உறுப்புகளுக்கு நடுவிலும் விளிம்புகளிலும் அது இயல்பாக விடும் இடைவெளி 5 பிக்சல்.

பேனலின் லேஅவுட்டைக் கிரிட்பேக்லேஅவுட்டாக மாற்றுவதே சரியான தீர்வு. அதைச் செய்யாமல் மேல் இடைவெளியை 5 என்பதற்குப் பதில் 200 என்று கொடுத்தும், பட்டனுக்கு மேலே வெற்று எழுத்துள்ள லேபிள்களை அடுக்கியும் தள்ளியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவர் பதினோரு வெற்று லேபிள்களை வைத்திருந்தார். அவருடைய மடிக்கணினியில் பட்டன் நடுவில்தான் நின்றது. செமினார் அறையின் புரொஜெக்டரில் பட்டனைக் காணவே இல்லை.

பட்டன்கள் பல இருந்து, அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நடுவில் நிற்க வேண்டும் என்றால், கிரிட்பேக்லேஅவுட்டில் ஒவ்வொன்றுக்கும் கிரிட்எக்ஸ் மதிப்பைப் பூச்சியமாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிடும். இடைவெளிக்கு இன்செட்ஸ் இருக்கிறது.

அறிகுறி மூன்று: மேலிருந்து கீழாக அடுக்கிய பட்டன்கள் இடது பக்கம் சாய்கின்றன, அல்லது படிக்கட்டுபோல் ஒழுங்கின்றி நிற்கின்றன

பாக்ஸ்லேஅவுட் பயன்படுத்துவோருக்கு வரும் குறை இது. எனக்கு மிகுந்த நேரம் பிடித்ததும், பிறர் மிகவும் குழம்புவதும் இதில்தான் என்பதால் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

ஸ்விங்கின் ஒவ்வோர் உறுப்புக்கும் அலைன்மென்ட்எக்ஸ் என்று ஒரு மதிப்பு உண்டு. 0 என்றால் இடது விளிம்பு, 0.5 என்றால் நடு, 1 என்றால் வலது விளிம்பு. செங்குத்துப் பாக்ஸ்லேஅவுட் இந்த மதிப்புகளைக் கொண்டு எல்லா உறுப்புகளையும் ஒரே அச்சில் கோக்கிறது. சிக்கல் என்னவென்றால் இயல்பான மதிப்பு உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. ஜேபட்டனுக்கும் ஜேலேபிளுக்கும் 0. ஜேபேனலுக்கும் ஜேடெக்ஸ்ட்ஃபீல்டுக்கும் ஜேஸ்க்ரோல்பேனுக்கும் 0.5.

பேனலில் பட்டன்கள் மட்டும் இருந்தால் எல்லாம் இடது பக்கம் ஒழுங்காகச் சாயும். அவற்றோடு ஒரு ஸ்க்ரோல்பேனையோ உள்பேனலையோ சேர்த்தவுடன்தான் வேடிக்கை தொடங்கும்: அதன் நடுப்பகுதியும் பட்டனின் இடது விளிம்பும் ஒரே அச்சில் கோக்கப்படுவதால், பட்டன் ஏறக்குறைய விண்டோவின் நடுக்கோட்டில் தொடங்கி வலது பக்கம் நீண்டு நிற்கும். ஒரு துணிக்கடையின் பில் திரையில், 'ரசீது அச்சிடு' என்ற பட்டன் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் நின்றிருந்தது. பொருள் பட்டியலுக்கான ஸ்க்ரோல்பேனை எழுதியவர் பிறகு சேர்த்திருக்கிறார்; அதுவரை எல்லாம் இடது பக்கம் ஒழுங்காகச் சாய்ந்து நின்றதால் யாருக்கும் உறுத்தவில்லை. பட்டனில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் பட்டனுக்கு மட்டும் பல எண்களைக் கொடுத்துப் பார்த்த தடயங்கள் நிரல் முழுக்கக் கிடந்தன.

தீர்வு: அந்தப் பேனலின் நேரடிப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும், ஒன்று விடாமல், செட்அலைன்மென்ட்எக்ஸ் வழியாகச் சென்டர்_அலைன்மென்ட் கொடுங்கள். ஒன்றை விட்டாலும் அது மற்றவற்றையும் இழுத்துக் கோணலாக்கும். பட்டன்தான் கோணல் என்று பட்டனுக்கு மட்டும் கொடுப்பது எல்லா நேரமும் போதாது; எட்டாவதாக ஒரு தலைப்பு லேபிள் 0 என்று மௌனமாக உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்1 பட்டியலில் அலைன்மென்ட்எக்ஸ் மதிப்புகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தால் குற்றவாளி அரை நிமிடத்தில் அகப்படுவார்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. செட்ஹாரிசான்டல்அலைன்மென்ட் என்பது வேறு. அது பட்டனுக்குள்ளே இருக்கும் எழுத்தும் படமும் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பட்டன் பேனலுக்குள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அது தொடுவதே இல்லை. சென்டர் என்று இதற்குக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். பட்டனின் எழுத்து ஏற்கனவே நடுவில் இருப்பதுதான் இயல்பு என்பதால் மாற்றம் ஏதும் கண்ணுக்குத் தெரியாது.

அலைன்மென்ட் சரியான பிறகும் பட்டன்கள் மேல் விளிம்பிலேயே அடுக்கி நின்றால், முதல் உறுப்புக்கு முன்னும் கடைசி உறுப்புக்குப் பின்னும் பாக்ஸ் வகுப்பின் கிரியேட்வெர்டிகல்குளூ ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெயர்தான் பசை, செய்வதோ மிஞ்சிய இடத்தை உறிஞ்சிக்கொள்ளும் வேலை. மேலும் கீழும் ஒவ்வொன்று இருந்தால் மிச்சம் சமமாகப் பிரியும். மேலே மட்டும் வைத்தால் பட்டன்கள் அடியில் போய்க் குந்தும். ஆனால் அதே பேனலில் ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு இருந்தால் கவனம் தேவை: அதன் அதிகபட்ச உயரத்துக்கு நடைமுறையில் வரம்பே இல்லை என்பதால், பசைக்குப் போக வேண்டிய இடத்தில் அதுவும் பங்கு கேட்டு, ஒரு வரி எழுதும் பெட்டி பாய் விரித்ததுபோல் உயர்ந்துவிடும். அதன் அதிகபட்ச உயரத்தை அதன் விருப்ப உயரத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்.

நிரல் ஓடாமலே, பாக்ஸ்லேஅவுட்டைப் பகிர முடியாது என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால், பாக்ஸ்லேஅவுட்டை உருவாக்கும்போது ஃபிரேமின் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஃபிரேமின் கன்டென்ட்பேனை, அதாவது உள்பேனலை, கொடுக்க வேண்டும்.

அறிகுறி நான்கு: கிட்டத்தட்ட நடு, ஆனால் சற்றே விலகியிருக்கிறது

இரண்டு மூன்று பிக்சல் விலகல் என்றால் முதலில் விளிம்புகளில் வெற்றிடம் விடும் எம்ப்ட்டிபார்டரின் நான்கு எண்களைப் பாருங்கள். வரிசை மேல், இடது, கீழ், வலது. இன்செட்ஸிலும் அதே வரிசைதான். மேல், வலது, கீழ், இடது என்று வலைப்பக்க வடிவமைப்பில் பழகியவர்கள் இங்கே தவறுவது வாடிக்கை. ஃப்ளோலேஅவுட்டில் வெற்று எழுத்துள்ள லேபிள் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு அகலம் பூச்சியமானாலும் அதன் பங்குக்கான இடைவெளி கணக்கில் சேர்ந்துவிடும்.

விலகல் பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர். இடது கோடியில் 'பின்செல்' பட்டனும், நடுவில் (தனிப் பேனலுக்குள்) மற்றொரு பட்டனும் வேண்டும் என்று பார்டர்லேஅவுட்டின் வெஸ்ட், சென்டர் பகுதிகளில் வைத்தால், நடுப்பட்டன் விண்டோவின் நடுவில் நிற்காது. 'பின்செல்' எடுத்ததுபோக மிஞ்சிய இடத்தின் நடுவில் நிற்கும். ஈஸ்ட் பகுதியில் அதே அகலமுள்ள ஒரு வெற்று ரிஜிட்ஏரியாவை வைத்தால் தராசு சமமாகும். இன்னும் உறுதியான வழி, மூன்று சம கட்டங்கள் கொண்ட கிரிட்லேஅவுட்டில் மூன்று பேனல்களை வைத்து, பட்டன்களை அவற்றுக்குள் வைப்பது. கிரிட்பேக்லேஅவுட்டிலும் இதே குறை வரும்: ஒரு நெடுவரிசைக்கு மட்டும் வெயிட்எக்ஸ் கொடுத்தால் மிச்சம் முழுவதும் அதற்கே போய், மற்றவை ஒரு பக்கமாக ஒதுங்கும்.

அறிகுறி ஐந்து: பட்டனைக் காணவில்லை, விண்டோவை இழுத்தால் தோன்றுகிறது, அல்லது அப்போதும் தோன்றுவதில்லை

இழுத்தால் தோன்றுகிறது என்றால், விண்டோவைத் திரையில் காட்டும் செட்விசிபிள் வரிக்குப் பிறகு பட்டனைச் சேர்த்திருக்கிறீர்கள். செட்விசிபிளைக் கடைசி வரியாக நகர்த்துங்கள். நிரல் ஓடும்போதே பட்டனைச் சேர்க்க வேண்டிய தேவை இருந்தால், சேர்த்ததும் தாய்ப் பேனலில் ரீவேலிடேட், அதன் பின் ரீபெயின்ட் ஆகியவற்றை அழையுங்கள்.

எப்படி இழுத்தாலும் தோன்றவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகள். பார்டர்லேஅவுட்டின் ஒரே பகுதியில் இரண்டு உறுப்புகளைச் சேர்த்திருக்கலாம். ஒரு பகுதிக்கு ஒருவர்தான், கடைசியில் வந்தவருக்குத்தான் இடம். அல்லது செட்லேஅவுட்டுக்கு 'நல்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) கொடுத்துவிட்டு, இடத்தையும் அளவையும் கையால் சொல்லும் செட்பவுண்ட்ஸ் எழுத மறந்திருக்கலாம். அப்போது பட்டனின் அளவு பூச்சியத்துக்குப் பூச்சியம். பட்டியலில் அது 0,0,0x0 என்று அப்படியே தெரியும்.

அறிகுறி ஆறு: என் கணினியில் நடு, கடைக் கணினியில் நடு இல்லை

வட சென்னைக் கடைகளில் நான் பார்க்கும் கல்லாக் கணினிகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. 1366×768 திரை ஒன்றில், 1920×1080 திரை மற்றொன்றில், அந்த இரண்டாவதிலும் கண் தெரியவில்லை என்று விண்டோஸின் அளவுப்பெருக்கத்தை (ஸ்கேலிங்) 125 அல்லது 150 விழுக்காட்டுக்கு உயர்த்தியிருப்பார்கள். மாணவரின் மடிக்கணினியில் அளந்து எழுதிய எண்கள் இங்கே செல்லாது.

முதலில் நிரலில் 'நல்' லேஅவுட்டும் செட்பவுண்ட்ஸ் வரிகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அதுவே காரணம், மேற்கொண்டு தேட வேண்டாம். திரை அகலத்திலிருந்து பட்டன் அகலத்தைக் கழித்து இரண்டால் வகுத்து வைத்திருக்கும் கணக்கு, விண்டோ ஒரு முறை இழுபட்டாலே பொய்யாகிவிடும். ஒவ்வொரு பேனலாகக் கிரிட்பேக்லேஅவுட்டுக்கு மாற்றுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. பத்துப் பதினைந்து உறுப்புகளுள்ள திரைக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, செட்பிரிஃபர்ட்சைஸ் கொடுத்துப் பட்டனின் அகலத்தைப் பூட்டியிருப்பது. பட்டனின் பெயர் தமிழில் இருந்தால் இது இன்னும் மோசம். 'பிரின்ட்' என்பதற்கு அளந்த அகலத்தில் 'ரசீது அச்சிடு' அடங்காது. ஸ்விங் மிச்சத்தை வெட்டி மூன்று புள்ளிகளை வைத்துவிடும். உயரத்தையும் பூட்டியிருந்தால் 'கீ', 'கு' போன்ற எழுத்துகளின் மேல்கொம்பும் கீழ்வளைவும் நறுக்கப்படும். அந்த வரிகளை நீக்கிவிட்டு, பட்டன் பெரிதாக வேண்டுமானால் செட்மார்ஜின் கொடுத்து எழுத்தைச் சுற்றி இடம் விடுங்கள். காசிமேட்டில் ஈரக் கையோடு வந்து தொடுதிரையைத் தட்டுகிறவர்களுக்குப் பெரிய பட்டன்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தப் பெருக்கம் எழுத்தின் அளவிலிருந்து வரட்டும், கையால் எழுதிய பிக்சல் எண்ணிலிருந்து வர வேண்டாம்.

மூன்றாவது, ஜாவாவின் பதிப்பு. விண்டோஸின் அளவுப்பெருக்கத்தை ஜாவா தானாக மதித்து வரையத் தொடங்கியது 2017இல் வந்த ஜாவா 9 முதல். கடையில் ஜாவா 8 இருந்து, உங்களிடம் புதியது இருந்தால் இரு இடத்திலும் ஒரே நிரல் வேறு வேறு தோற்றம் தரும். கடைக்குப் போகாமலே இதைச் சோதிக்கலாம்: ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், நிரலைத் தொடங்கும் கட்டளையில் சன்.ஜாவா2டி.யூஐஸ்கேல் என்ற பண்புக்கு 1.25 அல்லது 1.5 என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கடைத் திரையில் தெரியும் கோணல் உங்கள் திரையிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி ஏழு: பட்டன் நடுவில்தான்; விண்டோ திரையின் நடுவில் இல்லை

வரிசைப் பிழை. செட்லொகேஷன்ரிலேட்டிவ்டு என்ற மெத்தடுக்கு 'நல்' கொடுத்தால் விண்டோ திரையின் நடுவுக்கு வரும். ஆனால் அழைக்கும் நேரத்தில் விண்டோவுக்கு இருக்கும் அளவை வைத்தே அது கணக்கிடும். உள்ளே இருப்பவற்றுக்கு ஏற்ப விண்டோவின் அளவை அமைக்கும் பேக் என்ற மெத்தடுக்கு முன்னால் அழைத்தால் அளவு பூச்சியமாக இருக்கும், விண்டோவின் இடது மேல் மூலை திரையின் நடுவில் வந்து உட்காரும். உறுப்புகளைச் சேர்ப்பது, பேக், செட்லொகேஷன்ரிலேட்டிவ்டு, செட்விசிபிள் என்பதே வரிசை.

அறிகுறி எட்டு: விண்டோவைச் சிறிதாக்கினால் சில பட்டன்கள் மறைகின்றன

பட்டன் வரிசை ஃப்ளோலேஅவுட்டில் இருந்து, அந்தப் பேனல் பார்டர்லேஅவுட்டின் நார்த் அல்லது சவுத் பகுதியில் இருந்தால் இப்படி ஆகும். அகலம் போதாதபோது ஃப்ளோலேஅவுட் மிஞ்சிய பட்டன்களை இரண்டாவது வரிக்கு மடக்கும். ஆனால் தனக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று மேலிடத்துக்குச் சொல்லும்போது ஒரு வரிக்கான உயரத்தையே சொல்லும். இரண்டாவது வரி விளிம்புக்கு அப்பால் போய்விடும்.

எளிய தீர்வு, பேக்குக்குப் பிறகு விண்டோவின் அப்போதைய அளவையே அதன் குறைந்தபட்ச அளவாகச் செட்மினிமம்சைஸில் கொடுத்துவிடுவது. கடைத் திரைகளுக்கு இதுவே போதும். கிரிட்பேக்லேஅவுட்டில் விண்டோ சிறுத்ததும் எழுதும் பெட்டிகள் நூல்போல் மெலிந்துவிடும் குறைக்கும் இதே மருந்துதான். அடுத்த தீர்வு, பட்டன்களைச் சம அகலக் கிரிட்லேஅவுட்டில் வைப்பது. உண்மையிலேயே மடங்கும் வரிசைதான் வேண்டும் என்றால் சொந்தமாக லேஅவுட் மேனேஜர் ஒன்றை எழுத வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஜாவா நிரல் எழுத உதவும் மென்பொருளான நெட்பீன்ஸின் வரைவுக் கருவியில் இழுத்துப் போட்டு உருவாக்கிய திரையாக இருந்தால், நிரலில் குரூப்லேஅவுட் என்ற பெயரோடு நீண்ட வரிகள் நிற்கும். அந்தப் பகுதி தானாக உருவாவது. அதைக் கையால் திருத்தினால், படிவக் கோப்பிலிருந்து கருவி அடுத்த முறை திரும்ப எழுதும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். கருவிக்குள்ளேயே பேனல்மேல் வலது கிளிக் செய்து, செட் லேஅவுட் பட்டியலில் வேறு லேஅவுட்டைத் தேர்ந்து பார்ப்பது நீங்களே செய்யக்கூடியது. அதற்கு முன் முழு புராஜெக்டையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். படிவக் கோப்பு தொலைந்து ஜாவா கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

வெவ்வேறு அளவுப்பெருக்கம் கொண்ட இரண்டு திரைகள் ஒரே கணினியில் இணைந்திருந்து, விண்டோவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும்போது மட்டும் குலைகிறது என்றாலும், பேனலுக்குள் பேனலாக ஆறேழு அடுக்குகள் சென்று எந்த நிறக் கோடு யாருடையது என்றே புரியவில்லை என்றாலும், சொந்த லேஅவுட் மேனேஜர் எழுத வேண்டிய நிலை வந்தாலும் நிறுத்திவிடுங்கள். பில் போடும் நிரலில் இன்னொரு எல்லையும் உண்டு: திரையின் நிரலும் வரிக் கணக்கின் நிரலும் ஒரே கோப்பில் பின்னிக் கிடந்தால், பட்டனை நகர்த்தப் போய்க் கூட்டுத்தொகையைக் கெடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. வியாபார நேரத்தில் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது.

ஆளிடம் போகும்போது நான்கைக் கையோடு கொண்டு போங்கள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்1 தந்த பட்டியல், விண்டோவை இழுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்கள், கடைக் கணினியில் உள்ள ஜாவாவின் பதிப்பு எண், விண்டோஸ் அமைப்பில் காணும் அளவுப்பெருக்க விழுக்காடு. கைப்பேசியில் கோணலாகப் பிடித்து எடுத்த படம் மட்டும் வேண்டாம். பட்டன் கோணலா, படம் கோணலா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.